ஒயிற்படலமும் பில்டர்ப்படலமும்: தலைமன்னார்ப் புதுக் கெப் குறித்த ஓர் ஆராய்ச்சி

இத்துறையில் முன்னோர் செய்தவற்றை முதலில் எடுத்துரைப்பது முறை. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், உப்பு வணிகரான உமணர் தம் வண்டிக்கு அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிக்கொண்டு போன செய்தியைத் தருகிறார். அச்சு முறியும், ஆகவே இன்னொன்று கைவசம் வேண்டும் என்ற அளவுக்கு உமணரின் பராமரிப்புச் சிந்தனை முன்னேறியிருந்தது தெளிவு. அந்த அச்சுக்கு என்ன மை போட்டார்கள், எத்தனை காதத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள் என்பதில் பாடல் மௌனம் சாதிக்கிறது. அடுத்த குறிப்பிடத்தக்க பங்களிப்பு 1866இல்தான் கிடைக்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜோன் எல்லிஸ், நீராவி எஞ்சினுக்குள் கொழுப்பெண்ணெய் பிசின்போலப் பிடித்துக்கொள்வதற்கு மருந்தாகப் பெற்றோலிய எண்ணெயை முன்வைத்தார். இடைப்பட்ட நூற்றாண்டுகளை ஆய்விடைவெளி என்று சொல்லிக் கடந்துவிடலாம்.

தலைமன்னாரில் இந்தச் சிக்கல் திடீரென்று உயிர்பெற்றதற்குக் காரணம் வர்த்தமானி. இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் தீவில் புது வாகனம் என்பதே அண்மையில் பெயின்ற் அடித்த பழைய வாகனம் என்றாகியிருந்தது. ஆகவே சம்மாட்டி ஒருவரின் மீன்வாடிக்கு முன்னால், இருக்கையின் பொலித்தீன் கூடக் கழற்றாத டபுள் கெப் ஒன்று வந்து நின்றபோது ஊரில் எழுந்த முதல் கேள்வி விலை பற்றியது. இரண்டாவது கேள்வி: ‘இதுக்கு என்ன ஒயில் விடுறது?’

இதற்கு விடை சொல்வோர் மூன்று மரபினர். கையேட்டு மரபினர், டாஷ்போர்ட் பெட்டிக்குள் கிடக்கும் புத்தகத்தில் உள்ளதே பிரமாணம் என்பர். ஆனால் அதை வாசித்தவர் அவருள் அரியர். கராஜ் மரபினர், எல்லா டீசலுக்கும் 15W-40 என்பர். அவர்கள் கைபட்ட பழைய எஞ்சின்கள் இன்றும் ஓடுவதால் அந்தக் கருத்தை இகழ முடியாது. மச்சான் மரபின் மூலநூல் ஒரு வாட்ஸ்அப் குரல்பதிவு. கட்டாரில் வாகனம் ஓட்டும் மச்சான், அங்கே என்ன விடுகிறார்களோ அதையே இங்கும் விடவேண்டும் என்கிறார். பாலைவனத்துக்கும் தலைமன்னாருக்கும் மணல் பொது என்பதால், அவர் தற்செயலாகப் பாதி சரி.

எண்களுக்கு வருவோம். W எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண் குளிருக்கானது. 15W ஒயிலின் தடிப்பைப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸில் சோதிப்பார்கள்; 5W என்றால் 30 பாகை கீழே; 0W என்றால் 35 பாகை கீழே. தலைமன்னாரில் அந்த நிலை வரவேண்டுமானால், ஐஸ் பெட்டிக்குள் கெப்பை ஏற்றினாலும் போதாது. வாடைக்காற்று வீசும் மார்கழி விடியலில் நாம் சால்வை போர்த்திக்கொள்கிறோமே, அதை ஒயில் கோடை என்றே கணக்கில் எடுக்கும். பின்னால் வரும் எண் எஞ்சின் சூட்டுக்கானது. 100 பாகையில் 30 என்ற ஒயிலின் பாகுநிலை 9.3க்கும் 12.5க்கும் இடைப்பட்டது, 40 என்றால் 12.5இலிருந்து 16.3க்குள். ஊரில் நட்பைக் கெடுக்கும் சண்டை இந்த இடைவெளிக்காகத்தான் நடக்கிறது.

புது எஞ்சின்களில் துவாரங்கள் ஒடுக்கம், டர்போவின் தண்டு வேகம். மெல்லிய ஒயில் அங்கே விரைவாய்ப் போய்ச் சேரும், டீசலும் சற்று மிஞ்சும். உற்பத்தியாளர் 5W-30 என்றால் அதற்குக் காரணம் உண்டு. புத்தகத்தில் 15W-40 ஐயும் வெப்பநிலை அட்டவணையில் அனுமதித்திருந்தால், தலைமன்னாரில் அதை விடுவது குற்றமாகாது. எண்ணைவிட முக்கியமானது போத்தலின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தரக்குறி: 2002இல் வந்த ஏபிஐ சிஐ-4, 2016இன் கடைசியில் வந்த சிகே-4 போன்றவை. புகைக்குழாயில் கரித்துகள் வடி பூட்டிய கெப் என்றால் சாம்பல் குறைந்த ஒயில்தான் வேண்டும். ஒயிலோடு எரியும் மருந்துகளின் சாம்பல் அந்த வடிக்குள் தங்கினால் பிறகு எரிந்து போகாது. அதே வண்டிக்குக் கந்தகம் கூடிய சாதாரண டீசலை அடிப்பது, உபவாசம் இருப்பவருக்குப் புரியாணி கொடுத்து ஆசீர்வதிப்பதற்கு ஒப்பானது.

ஒயில் கறுப்பது பற்றிய விவாதத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். சம்மாட்டி ஒயில் கம்பியை இழுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்த்து, மணந்து, “நானா, போன மாதம் விட்ட ஒயில். மை மாதிரிக் கிடக்கு” என்று கராஜ்காரரிடம் முறையிட்டார். நானா நிமிர்ந்தும் பாராமல் சொன்னார்: “டீசல் ஒயில் கறுக்காட்டித்தான் தம்பி பயப்படோணும்.” அது சரியான விடை. எரிதலில் பிறக்கும் கரியைப் பிடித்துத் தன்னுள் மிதக்க வைப்பது ஒயிலின் வேலை. வேலை செய்தவன் சட்டை வெள்ளையாக இராது. விரல் ஆய்வுமுறையின் பயன் விரலில் மணல் நெருடுகிறதா என்று அறிவதோடு முடிகிறது.

மணல் என்றதும் நம் ஆய்வு உண்மையான பகைவனிடம் வந்துவிட்டது. மன்னார்த் தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’ என்ற பெயரில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. 2020 டிசம்பரில் திறந்தார்கள், கொள்ளளவு 103.5 மெகாவாட். இவ்வளவு முதல் போடத் தகுந்த காற்று இங்கே வீசுகிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பின்னும், சோளகக் காலத்தில் எயார் பில்டரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2.8 லீற்றர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் 2,800 லீற்றர். டர்போ அமுக்கும் காற்று அதற்கு மேலே. தலைமன்னாரிலிருந்து மன்னார்ப் பட்டினம் சுமார் 30 கிலோமீற்றர். நாற்பது நிமிட ஓட்டத்தில் ஒரு லட்சம் லீற்றருக்கும் கூடுதலான காற்று அந்தக் கடதாசி மடிப்புகளூடாகப் போகிறது. எதிரே மீன்லொறி ஒன்று புழுதி கிளப்பிப் போனால் அதுவும் சேர்த்து.

கடற்சிப்பித் தூள் மென்மையானது. குவார்ட்ஸ் மணலோ மோஸ் அளவுகோலில் 7. அது கத்தியின் இரும்பையும் கீறும். சிலிண்டருக்கும் பிஸ்டன் வளையத்துக்கும் இடையிலான ஒயிற்படலம் சில மைக்ரோன் தடிப்புத்தான். கண்ணுக்குத் தெரியாத மணற்பொடி அதற்குள் புகுந்தால், போத்தலில் எந்த எண் எழுதியிருந்தாலும் அது அரைக்கத்தான் செய்யும். சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த ஒயிலுக்கும் விலக்கில்லை.

இதனிலும் வியப்பான முடிவு ஒன்றுண்டு. கொஞ்சம் தூசு பிடித்த எயார் பில்டர் புதியதைவிட நன்றாக வடிக்கும். படிந்த தூசே ஒரு மேலதிக வடியாகிவிடுகிறது. காற்று போக முடியாமல் அடைக்கும்வரைதான் இது. ஆகவே கிழமைதோறும் பில்டரைக் கழற்றி ரயரில் அடிப்பதும், கொம்பிரசரால் ஊதுவதும், சுத்தத்தின் பெயரால் கடதாசியைக் கிழிக்கும் சடங்குகள். கழற்றிப் பூட்டும்போது ஓரத்து றப்பர் சரியாக உட்காராவிட்டால் மணலுக்கு நேர்வழி. புத்தகத்தில் ‘கடும் பாவனை’ என்று ஒரு வரிசை உண்டு: புழுதி றோட்டு, குறுந்தூர ஓட்டம், அதிக பாரம். வாடிக்கும் பேசாலைக்கும் ஐஸும் மீனுமாய் ஓடும் கெப் மூன்றிலும் சித்தியடைகிறது. ஒயிலையும் பில்டரையும் அந்த வரிசைப்படி மாற்றினால் போதும், மச்சானிடம் கேட்க வேண்டியதில்லை.

ஒயில் பில்டர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒயிலோடு சேர்த்தே மாற்றவேண்டும், றப்பர் வளையத்தில் புது ஒயில் தடவிக் கையால் இறுக்கவேண்டும். மலிவான பில்டருக்குள் ஒயில் பின்னோக்கி வழியாமல் தடுக்கும் வால்வு ஒழுங்காய் இராது; காலையில் எஞ்சின் எடுக்கும்போது சில கணம் கடகடவென்று கேட்டால், மிச்சம் பிடித்த காசு பேசுகிறது என்று கொள்க.

கடைசியாக டீசல் பில்டர். 2022இல் வரிசையில் நின்று கானில் டீசல் சேர்த்துப் பழகிய ஊர் இது. கான் பழக்கம் முழுதாய்ப் போய்விடவில்லை. பாதி நிறைந்த கானுக்குள் கடற்காற்றின் ஈரம் துளியாகும். தண்ணீர் டீசலைவிடக் கனம், அடியில் தங்கும். புது எஞ்சினின் இன்ஜெக்டர்கள் மிக உயர்ந்த அழுத்தத்தில் வேலை செய்பவை. ஒரு துளி தண்ணீருக்கும் அவை இணங்கா. பில்டரின் அடியில் ஒரு சிறிய திருகு இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி அதைச் சற்றுத் தளர்த்தி, வருவதைக் கிளாஸ் ஒன்றில் பிடித்துப் பார்க்கவேண்டும். அடியில் தெளிந்த திரவம் தனியே பிரிந்து நின்றால் அது தண்ணீர். முழுதும் டீசலாய் வரும்வரை விட்டு, திருகை இறுக்கலாம். அந்தக் கிளாஸில் பிறகு தேத்தண்ணி ஊற்றக்கூடாது என்பதில் மட்டும் மூன்று மரபினருக்கும் கருத்து வேறுபாடில்லை. வாடிச் சமையற்காரர் நாலாவது மரபாய் எழுந்து, கிளாஸைத் தொடவே விடமாட்டேன் என்கிறார். ஆதலால் களப்பரிசோதனை தற்போது சிரட்டையில் நடைபெறுகிறது.