நடுவுல கொஞ்சம் கிட்டார்

எங்கள் வீட்டில் எல்விஸ் பிரெஸ்லி பாடுவதில் யாருக்கும் ஆட்சேபம் கிடையாது. பாடிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அவர் நிறுத்தி, பக்கத்தில் நிற்கிறவர் கிட்டாரில் புறப்படுகிற அந்தப் பதினைந்து இருபது வினாடியில்தான் குக்கர் விசிலடிக்கும். கீழ் வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பார். "ஏங்க, கேஸ் புக் பண்ணியாச்சா?" என்ற கேள்வி சமையலறையிலிருந்து கிளம்பும். நான் "பண்ணியாச்சு" என்று சொல்லி முடிப்பதற்கும் எல்விஸ் மறுபடி வாயைத் திறப்பதற்கும் சரியாக இருக்கும். அப்புறம் பாட்டு முடிகிற வரைக்கும் வீட்டில் ஒரு சத்தம் இருக்காது.

ஊரில் எல்லோரும் பாடகரைக் கேட்கிறார்கள். பாடகர் எப்போது நிறுத்துவார் என்று காத்திருக்கிற ரகம் நான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸும் இதே ரகம்தான். மற்றவர்களெல்லாம் எல்விஸ் ஆக ஆசைப்பட்டபோது, தான் எல்விஸின் கிட்டார்காரர் ஸ்காட்டி மூர் ஆக ஆசைப்பட்டதாகச் சொன்னவர் அவர். எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு வித்தியாசம். அவர் ஆசைப்பட்டதோடு நிற்காமல் வாசிக்கவும் கற்றுக்கொண்டார்.

ஸ்காட்டி மூர் என் மனசுக்கு நெருக்கமானதற்குக் காரணம் இசை மட்டுமல்ல. மனிதர் சம்பளக்காரர். மெம்ஃபிஸில் அண்ணன் கடையில் தொப்பிகளைச் சலவை செய்து, அச்சில் மாட்டி வடிவம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேஸ் வாசித்த பில் பிளாக், டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எல்விஸ் ஒரு மின்சார கம்பெனிக்கு லாரி ஓட்டிய பத்தொன்பது வயசுப் பையன். 1954 ஜூலை 5 அன்று ராத்திரி சன் ஸ்டுடியோவில் இந்த மூன்று பேரும் சேர்ந்து என்னென்னவோ பாடிப் பார்த்து, எதுவும் தேறவில்லை. இடைவேளையில் எல்விஸ் எழுந்து, ஆர்தர் க்ரடப்பின் பழைய ப்ளூஸ் பாட்டு ஒன்றை விளையாட்டாகக் குதித்துக்கொண்டே பாட, பில் பிளாக் சேர்ந்துகொள்ள, ஸ்காட்டியும் பின்னாலேயே போனார். ஸ்டுடியோ முதலாளி சாம் ஃபிலிப்ஸ் எட்டிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். எங்களுக்கே தெரியாது என்றார்கள். அதையே மறுபடி வாசியுங்கள் என்றார். அதுதான் 'தட்ஸ் ஆல் ரைட்'. டிரம்ஸ் கிடையாது. பில் பிளாக் பேஸ் தந்தியை இழுத்துக் கட்டையில் அறைகிற சத்தமே தாளம். ஸ்காட்டி கட்டைவிரலால் அடித்தந்திகளைத் தட்டிக்கொண்டே மற்ற விரல்களால் மெட்டைக் கிள்ளுவார். ஒருவரே இரண்டு பேராக வாசிக்கிற இந்த வித்தையில் அவருக்கு வழிகாட்டிகள் மெர்ல் டிராவிஸும் செட் அட்கின்ஸும். மொத்தப் பாட்டே இரண்டு நிமிஷத்துக்குள். அதில் கிட்டார் தனித்து ஒலிக்கிற சோலோவுக்கு ஒதுக்கிய இடம் ரொம்பச் சின்னது. வந்தார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், மைக்கை விட்டு நகர்ந்தார்.

அந்தக் குணம் எனக்கு வாய்க்கவில்லை. பதினெட்டு வினாடி சோலோவுக்கு நான் கொடுக்கிற முன்னுரைக்குள் என் மகள் தலை பின்னி, பூ வைத்து, கல்லூரி பஸ்ஸையும் பிடித்துவிடுவாள். "அப்பா, பாட்டை விட நீங்க பெருசா இருக்கீங்க" என்று ஒருநாள் சொன்னாள். பாராட்டு என்றுதான் கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சன் ஸ்டுடியோவின் தனிச் சொத்து எதிரொலி. சாம் ஃபிலிப்ஸ் இரண்டு டேப் ரெக்கார்டர்களை இணைத்து, ஒலியை ஒரு நொடியின் சின்னத் துணுக்கு தாமதித்துத் திருப்பிக் கலந்தார். ஒரு தட்டு தட்டினால் இரண்டாகக் கேட்கும். இதை மேடைக்கும் கொண்டுபோக ஆசைப்பட்ட ஸ்காட்டி, 1955இல் இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற சின்ன ஊரில் ரே பட்ஸ் என்பவர் கையாலேயே செய்த எக்கோசோனிக் ஆம்ப்ளிஃபயரை வாங்கினார். உள்ளேயே டேப் சுற்றி எதிரொலி தருகிற பெட்டி. விலை சுமார் 500 டாலர். வீட்டில் என்ன கணக்குச் சொல்லி வாங்கினாரோ. 'மிஸ்ட்ரி டிரெயின்' பாட்டில் அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கேட்கலாம்.

எனக்கு எதிரொலி இலவசம். எங்கள் அடுக்ககத்தின் குளியலறை ஜன்னல் குழாய்கள் இறங்குகிற சந்தைப் பார்த்து இருக்கிறது. தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு 'மிஸ்ட்ரி டிரெயின்' கிட்டாரை வாயால் வாசித்தால், அது நாலு மாடியும் ஏறி இறங்கி, சாம் ஃபிலிப்ஸே பொறாமைப்படுகிற தாமதத்தில் திரும்பி வரும். "டிக்கு டங்கு டிக்கு டங்கு டொய்ய்ங்." மேல் மாடி மாமா லிஃப்டில் பார்த்தபோது அக்கறையாகக் கேட்டார்: "சாருக்கு காலையில ரொம்ப சிரமமா இருக்கு போல. ராத்திரி ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டுப் பாருங்களேன்." இப்போது அவரிடம் எல்விஸைப் பற்றிப் பேசித் தெளிவுபடுத்துவதை விட வாழைப்பழம் சாப்பிடுவது சுலபம் என்று சாப்பிட்டு வருகிறேன்.

1956 ஜனவரி 10. நாஷ்வில்லில் ஆர்.சி.ஏ. இசைத்தட்டுக் கம்பெனிக்காக எல்விஸின் முதல் பதிவு. 'ஹார்ட்பிரேக் ஹோட்டல்.' ஸ்காட்டியின் சோலோ சுருக்கென்று குத்திவிட்டு விலகும். உடனே ஃப்ளாய்ட் கிரேமர் பியானோவில் மேலிருந்து சிந்திக்கொண்டு வருவார். அன்றைக்குப் பக்கவாத்தியமாகத் தாளக் கிட்டார் வாசித்தவர் சாட்சாத் செட் அட்கின்ஸ். அவர் தன் மனைவிக்கு போன் போட்டு, இப்படி ஒன்றை இனிமேல் பார்க்க முடியாது, உடனே கிளம்பி வா என்றார். இந்த வரலாற்றை முன்னுதாரணமாக வைத்து நானும் என் மனைவியைக் கூப்பிட்டேன், சமையலறையிலிருந்து ஹாலுக்கு. "அடுப்புல பால் இருக்கு" என்று பதில் வந்தது. செட் அட்கின்ஸ் வீட்டில் அன்றைக்கு அடுப்பில் எதுவும் இல்லை போலிருக்கிறது.

என் மனைவிக்கு ராக் அண்ட் ரோல் பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. நான் பிடிக்க வைக்க முயல்வதுதான் பிடிக்காது. காது மட்டும் அபாரம். இதற்கு 'டூ மச்' சாட்சி. 1956 செப்டம்பரில் ஹாலிவுட்டில் பதிவான பாட்டு. அதன் சோலோவில் ஸ்காட்டி பழக்கமில்லாத சுருதியில் மாட்டிக்கொண்டு நடுவழியில் தொலைந்துபோனார். விரல்கள் எங்கே இருக்கின்றன, அடுத்து எங்கே போக வேண்டும், ஒன்றும் தெரியாமல் துழாவி, எப்படியோ சரியான இடத்தில் கரையேறினார். எல்விஸ் சிரித்துக்கொண்டார். இன்னொரு முறை எடுத்திருக்கலாம். இதுவே இருக்கட்டும் என்று அதையே இசைத்தட்டாக வெளியிடச் சொன்னார். 1957இல் ஊரெல்லாம் ஒலித்தது அந்தத் தடுமாற்றம்தான்.

இந்தக் கதையை உச்சகட்டமாக வைத்து நான் ஒரு முன்னுரையே தயார் செய்திருந்தேன். முதலில் சோலோவைக் கேட்க வைப்பது, "எப்படி இருக்கு?" என்பது, அவள் "நல்லாத்தான் இருக்கு" என்றதும் ரகசியத்தை அவிழ்ப்பது. பாட்டு ஓடியது. வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டவள், சோலோ பாதியில் இருக்கும்போது கத்தியை நிறுத்தினாள். "பாவம், இந்த ஆளுக்கு வழி தெரியலீங்க. தேடறார்." நறுக்க ஆரம்பித்துவிட்டாள். என் உச்சகட்டம் நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. விழுங்கினேன்.

இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு எல்விஸ் பாட்டுகளிலேயே முதலிடம் அந்தச் சோலோவுக்குத்தான். பத்திரமாக வாசித்த ஆயிரம் சோலோக்கள் உலகத்தில் இருக்கின்றன. விழப் போகிறவர் விழாமல் நிற்பதைக் கேட்கிற சுகம் அவற்றில் கிடையாது. 'ஹவுண்ட் டாக்' இதற்கு நேர் எதிர். 1956 ஜூலை 2 அன்று நியூயார்க்கில் 31 முறை வாசித்து வாசித்து, எல்லோருக்கும் கோபம் ஏறிய பிறகு வருகிற சத்தம் அதில் இருக்கிறது. பின்னால் ஜோர்டனேர்ஸ் குழுவினர் பக்தியோடு "ஆ" பாட, முன்னால் ஸ்காட்டி கிட்டாரைப் பிறாண்டுகிறார்.

நானும் ஒரு கிட்டார் வாங்கினேன். அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விரல் நுனி காய்த்தால்தான் நாதம் வரும் என்றார் வாத்தியார். காய்ப்பதற்கு முன்னால் கொப்பளித்தது. இப்போது கிட்டார் பரண் மேல் இருக்கிறது; அதன் உறை மட்டும் கீழே இருக்கிறது, மழைக்காலத்தில் குடைகளை வைக்க அத்தனை வசதி. 'ஐம் லெஃப்ட், யூ ஆர் ரைட், ஷீஸ் கான்' பாட்டில் ஸ்காட்டி வாசிக்கிற ஒரு துணுக்கு தனக்கு இன்னும் பிடிபடவில்லை என்றும், அவர் சொல்லித்தரவும் மறுக்கிறார் என்றும் கீத் ரிச்சர்ட்ஸ் தன் சுயசரிதையில் அங்கலாய்த்திருக்கிறார். அது எனக்கும் வராது. இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் சமம்.

ஸ்காட்டி இல்லாத சோலோக்களையும் விட்டுவிடக் கூடாது. 1958 ஜூனில் ராணுவத்திலிருந்து விடுப்பில் வந்த எல்விஸ் நாஷ்வில்லில் பாடிய 'எ பிக் ஹங்க் ஓ லவ்'. கிட்டார், ஹேங்க் கார்லண்ட். அடிப்படையில் ஜாஸ்காரர். அந்தப் பாட்டில் ஒரு துளி ஜாஸ்கூட இல்லாமல் முரட்டுத்தனமாக இறங்குவார். 1961இல் ஒரு கார் விபத்து அவருடைய பதிவு வாழ்க்கையை முடித்துவைத்தது.

பிறகு ஜேம்ஸ் பர்ட்டன். ரிக்கி நெல்சன் பாட்டுகளில் பெயர் வாங்கி, 1969இல் லாஸ் வேகாஸ் மேடைக்கு எல்விஸ் அழைத்துக்கொண்டவர். வாசிக்க வேண்டிய இடம் வந்ததும் எல்விஸ் மேடையிலேயே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வார். வீட்டில் என்னை யாராவது அப்படி ஒரு தடவை கூப்பிட்டு, "இப்ப நீங்க பேசுங்க" என்று சொல்ல வேண்டும் என்பது என் நீண்டநாள் விண்ணப்பம். மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் ஸ்டுடியோவில் 1973 டிசம்பரில் பதிவான 'பிராமிஸ்ட் லேண்ட்' கேளுங்கள். சக் பெரியின் பாட்டு. பர்ட்டனின் சுரங்கள் தாளித்த கடுகு மாதிரி தெறிக்கும். ஒன்றுகூடச் சட்டிக்கு வெளியே விழாது. ஆனால் எங்கள் வீட்டில் அவருக்குக் கிடைத்த மரியாதை அதனால் அல்ல. மேடைப் படம் ஒன்றைக் காட்டினேன். கையில் இளஞ்சிவப்பு டெலிகாஸ்டர் கிட்டார், உடம்பு முழுக்க மாங்காய் டிசைன். மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "நல்ல பார்டர் மட்டும் இருந்திருந்தா எடுத்திருக்கலாம்" என்றாள்.

சோலோ பற்றி அவள் தானாகக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். "இந்த ஸ்காட்டிக்கு எவ்வளவு கொடுத்தாங்க?"

சொன்னேன். சுற்றுப்பயணம் இருந்தால் வாரம் 200 டாலர், இல்லாவிட்டால் 100. எல்விஸ் லட்சக்கணக்கில் சம்பாதித்துக்கொண்டிருந்த காலத்திலும் அதேதான். இசைத்தட்டு விற்பனையில் பங்கு கிடையாது. 1957 செப்டம்பரில் ஸ்காட்டியும் பில் பிளாக்கும் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் தினக்கூலிக் கணக்கில் திரும்பி வந்தார்கள்.

கத்தி நின்றது. இந்தத் தடவை கேரட்.

"லெட்டராவே கொடுத்தாங்களா? கையெழுத்துப் போட்டு?"

"ரெண்டு பேரும்."

அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். எல்விஸ் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பாட்டுக்காக அவள் உட்கார்ந்தது அதுதான் முதல். "அவர் வாசிச்சதுல ஒண்ணு போடுங்க" என்றாள். போட்டேன். முழுசாகக் கேட்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நல்ல மனுஷன்" என்றாள். "இன்க்ரிமென்ட் விஷயமா மேனேஜர்கிட்ட பேசறேன் பேசறேன்னு நீங்க எப்பலேர்ந்து சொல்லிட்டிருக்கீங்க?"

"அது வந்து, அவர் மூட் பார்த்துத்தான்..."

"நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். நீங்க பேச ஆரம்பிச்சா முன்னுரைலயே அவர் எழுந்து போயிடுவார். லெட்டர் எழுதிடலாம். நான் சொல்றேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

மகள் அதற்குள் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். "மதிப்பிற்குரிய ஐயான்னு ஆரம்பிக்கலாமாம்மா?"