வட்ட விளக்கு ஆசாமி

சிக்னலில் நிற்கும்போது நாமெல்லாம் பக்கத்து வண்டியில் இருப்பவரைப் பார்ப்போம். இவர் பக்கத்து வண்டியின் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு உச்சுக் கொட்டுவார்.

"எல்லாம் முறைக்குது சார். குடுத்த கடனத் திருப்பிக் கேக்க வந்தவன் மாதிரி ஒரு பார்வை."

இந்தக் காலத்துக் கார்களின் விளக்குகள் ஒடுங்கிச் சாய்ந்து, புருவம் நெரித்த வில்லன் கண்களாகிவிட்டன என்பது இவருடைய தீராத துக்கம். கார் என்றால் இரண்டு வட்ட விளக்கு இருக்க வேண்டும். நடுவில் மூக்கு மாதிரி ஏதாவது, அதற்குக் கீழே சிரிக்கிற மாதிரி ஒரு பம்பர். மற்றதெல்லாம் இவருக்குச் சில்லறை விஷயம்.

ஊருக்கு நாலு வட்ட விளக்கு ஆசாமிகள் உண்டு. கோயம்புத்தூரில் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார்கள்; அவிநாசி சாலையில் கார்களுக்கென்றே மியூசியம் வைத்திருக்கும் ஊர். எங்கள் காலனிக்கு வாய்த்தவர் வங்கி அதிகாரி, வயது ஐம்பத்திரண்டு. வீட்டில் ஒரு டீசல் ஸ்விஃப்ட் நிற்கிறது. அதை "வண்டி" என்பார். "கார்" என்ற சொல்லை இன்னும் வாங்காத ஒன்றுக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்.

கல்யாண வீட்டுக்குப் போனால் இவரை மண்டபத்தில் தேடக்கூடாது, பார்க்கிங்கில் தேட வேண்டும். மொய் எழுதினாரோ இல்லையோ, யாராவது ஓட்டிவந்த பழைய வண்டி முன்னால் நின்று படம் எடுத்திருப்பார். அன்று ராத்திரியே அது நம் வாட்ஸப்புக்கு வந்து சேரும். கூடவே ஒரு பிரசங்கமும் வரும். போன மாதம் ஜப்பானில் நிஸான் விட்ட ஃபிகாரோவைப் பற்றி வந்தது. 1991-இல் வந்த குட்டி வண்டி அது. உள்ளே இருப்பது மைக்ராவின் உடம்பு, வெளியே ஐம்பதுகளின் வேஷம். மொத்தமே இருபதாயிரம்தான் செய்தார்கள். கேட்டவர் கூட்டம் அதிகமாகிக் குலுக்கல் வைத்து விற்றார்கள். பருவத்துக்கு ஒன்றாக நாலு நிறம். "நாலு பருவத்துக்கு நாலு கலர், என்ன ரசனை பாருங்க சார்!" என்று முடித்திருந்தார். நமக்குப் பெரும்பொழுது ஆறு, அதில் ஒன்றின் பெயரே கார் என்று பதில் போட்டேன். இரண்டு நீல டிக் வந்தது. அதோடு சரி.

இப்படிச் சொன்னால் பழைய கார்ப் பித்தர் என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்த இனம் வேறு. நிஜமான பழைய வண்டிக்காரருக்கு நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், டிக்கியில் ஒரு ஃபேன் பெல்ட்டும் தண்ணீர் கேனும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவர் காருக்கு மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பதே அதிகம். அவரைக் கண்டால் நம்மவருக்குக் கொஞ்சம் பயம். சோக்கை இழுத்து, ஸ்டார்ட் ஆகிற வரைக்கும் குலதெய்வத்தைக் கூப்பிட நம்மவரால் ஆகாது. ஏசி வேண்டும், பவர் ஸ்டியரிங் வேண்டும், சாவியைத் திருப்பினால் உறுமாமல் கிளம்ப வேண்டும். தாத்தா மாதிரி இருக்க வேண்டும், ஆனால் இருமக்கூடாது.

உலகத்துக் கார்க் கம்பெனிகளுக்கு இவருடைய மனசு எப்படியோ தெரிந்திருக்கிறது. 1997-இல் மெக்ஸிகோவின் புவேப்லாவில் ஃபோக்ஸ்வாகன் புது பீட்டிலைச் செய்ய ஆரம்பித்தது. பி.எம்.டபிள்யூ 2001-இல் புது மினியைக் கொண்டுவந்தது. 1957 ஜூலை 4 அன்று அறிமுகமான ஃபியட் 500-ஐ, சரியாக ஐம்பது வருடம் கழித்து 2007 ஜூலை 4 அன்று மறுபடி பெற்றெடுத்துப் பெயர் வைத்தது ஃபியட். மூன்றுமே நம் ஊருக்கும் வந்தன. மூன்றின் விலையையும் கேட்டுவிட்டு நம்மவர் பத்து வருடம் பேசாமல் இருந்தார். இப்போது அவை செகண்ட் ஹேண்டில், தேர்டு ஹேண்டில் வர ஆரம்பித்ததும் பழைய வலி திரும்பிவிட்டது.

வண்டி பார்க்கப் போகும்போதெல்லாம் என்னைக் கூட்டிப்போவார். எனக்குக் காரைப் பற்றி ஒன்றுமே தெரியாது, அதுதான் என் தகுதி. தெரிந்தவரைக் கூட்டிப்போனால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் அல்லவா?

முதலில் பார்த்தது ஒரு பீட்டில். மஞ்சள் நிறம். நம் பக்கத்தில் பழைய கார் விற்கிற இடத்துக்குக் 'கன்சல்டிங்' என்று பெயர். டாக்டரிடம் போவது போல ஒரு பயபக்தியோடுதான் உள்ளே நுழைய வேண்டும். நம்மவர் நேராக வண்டிக்குப் பின்னால் போய் நின்று, டிக்கியை வாஞ்சையாகத் தட்டி, "இஞ்சினத் திறங்க, பாக்கலாம்" என்றார். கன்சல்டிங்காரர் என்னைப் பார்த்தார். நான் நம்மவரைப் பார்த்தேன்.

"இஞ்சின் முன்னாடிங்க சார்."

"பீட்டில்னா பின்னாடிதானே?"

"அது அந்தக் காலத்துலீங்க. இது கோல்ஃப் வண்டியோட அடிக்கட்டு மேல கட்டினது. இஞ்சின் முன்னாடி, ரேடியேட்டர், தண்ணி, எல்லாம் நம்ம வண்டி மாதிரியே."

அசலுக்கு இஞ்சின் பின்னால், காற்றிலேயே குளிர்வது. நகலுக்கு முன்னால், தண்ணீரில் குளிர்வது. அசலைப் போலவே இருந்தது மேல்தோல் மட்டும். நம்மவர் சமாளித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னப் பூச்சாடி. ஒற்றை ரோஜா வைப்பதற்கென்றே கம்பெனி செய்து கொடுத்தது. கன்சல்டிங்காரர் அதில் இரண்டு ஊதுபத்தி செருகியிருந்தார்.

"சாமி கும்புடறதுக்கு வசதியாத்தான் வச்சிருக்கறான் சார் வெள்ளைக்காரன்" என்றார் அவர்.

அன்றைக்கு அந்த வண்டியை வாங்காததற்கு அந்த ஊதுபத்திதான் காரணம் என்று நினைக்கிறேன். கேட்டால் மைலேஜ் என்பார்.

ஆனால் இரண்டாவது வண்டிதான் விஷயம். ஃபியட் 500, 2008 மாடல், பால்வெள்ளை நிறம். அதைக் கண்டதும் மனிதர் உருகிவிட்டார். நாலு அடி தள்ளி நின்று, கைகட்டிக்கொண்டு, "எங்க ஊர் டாக்டர் வச்சிருந்தாரே, அதே கார் சார்" என்றார். குரல் கம்மியது.

அவருடைய ஊர் தாராபுரம். டாக்டர் வீட்டு வாசலில் நின்ற ஃபியட்டின் தூசியில் விரலால் தன் பெயரை எழுதி, டிரைவரிடம் காதைத் திருகவிட்டுக்கொண்ட கதையை எனக்குப் பதினாறு முறை சொல்லியிருக்கிறார். அதில் ஒரு நாளும் ஏறி உட்கார்ந்ததில்லை. ஆனால் அந்த ஃபியட் வேறு, இந்த ஃபியட் வேறு. அது பம்பாய்க் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்த 1100. பிறகு பத்மினி என்று பெயர் மாறியபோதும் ஊர் வாயில் ஃபியட்டாகவே ஓடியது. நாலு கதவு. கியர் குச்சி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்ததால் முன்சீட்டிலேயே மூன்று பேர் உட்கார்ந்து போவார்கள். இந்த 500-இன் அசல் தாத்தாவோ, இத்தாலியில் தாந்தே ஜாக்கோசா என்ற பொறியாளர் வடிவமைத்தது. இரண்டு சிலிண்டர், 479 சிசி. நம் புல்லட்டைவிட ஒரு பிடி பெரிய இஞ்சின், அதுவும் பின்னால். அதன் நிழல்கூடத் தாராபுரத்தில் விழுந்திருக்காது. ஆக, இந்த மனிதர் டூரின் நகரத்துப் பையன் ஒருவனுடைய பால்ய நினைவை எங்கிருந்தோ எடுத்துவந்து கண்கலங்கிக்கொண்டிருந்தார். இதை அப்போதே சொல்லியிருக்கலாம். கண்கலங்குகிறவரிடம் குர்லா, டூரின் என்று எப்படிப் பேசுவது?

இந்த முறை எங்களோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வீட்டம்மா. மற்றவர் ஸ்விஃப்ட்டுக்குச் சர்வீஸ் பார்க்கும் மெக்கானிக். வீட்டம்மா அனுப்பிவைத்த ஒற்றர் என்றும் சொல்லலாம்.

கன்சல்டிங்காரர் வழக்கமான தோத்திரத்தை ஆரம்பித்தார். "சிங்கிள் ஓனருங்க. டாக்டர் ஓட்டினது. மழையில எடுத்ததே இல்லீங்க."

பழைய கார் உலகத்தில் எல்லா வண்டியையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள். நோயாளிகளைப் பார்க்க அவர்களுக்கு எப்படித்தான் நேரம் கிடைத்ததோ. நம்மவருக்கோ 'டாக்டர்' என்ற சொல்லே போதும், தாராபுரம் வாசலுக்கே போய்விட்டார்.

மெக்கானிக் பேசவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்தார். கொடைக்கானல் படம் போட்ட, ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தம். அதைக் கதவில் வைத்தார், ஒட்டியது. பின்பக்க மட்கார்டில் வைத்தார், கொடைக்கானல் கீழே விழுந்தது. தகரம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டி. எங்கேயோ இடித்து, டிங்கர் வேலை பார்த்து, மேலே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கதவு பீடிங்கை உரித்துப் பார்த்தார். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் இருக்கிற வருடத்தைப் படித்தார். ஒன்று மட்டும் மற்றவற்றுக்கு நாலு வருடம் இளையது. டயரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். அதைக் குனிந்து படித்துவிட்டு வாய்க்குள் சிரித்துக்கொண்டார். சீட் பெல்ட்டைக் கடைசி அங்குலம் வரை இழுத்து மோந்து பார்த்தார். 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு வந்த பழக்கமாம். வண்டி முழுக்கக் கழுவினாலும் பெல்ட்டின் உள்சுருளில் சேறு காட்டிக்கொடுத்துவிடும்.

"மீட்டர் எவ்வளவுங்க?"

"முப்பத்தெட்டாயிரந்தானுங்க ஓடியிருக்குது."

மெக்கானிக் பிரேக் பெடலின் ரப்பரைப் பார்த்தார். வழவழவென்று தேய்ந்து, கோயில் படி மாதிரி இருந்தது. ஒன்றும் சொல்லாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மீட்டரைத் திருப்புகிறவர்கள் பெடலைத் திருப்ப மறந்துவிடுவார்கள் போலிருக்கிறது.

நம்மவர் இதில் எதையும் கவனிக்கவில்லை. விளக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஒரு கேரக்டர் இருக்கு சார்."

வீட்டம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"ஏங்க, பின்னாடி உக்கார்றவங்களுக்குக் கதவு எங்கீங்க?"

"முன்சீட்ட மடிச்சிட்டுப் போகணும் கண்ணு. ஸ்டைலே அதுதான்."

"உங்கம்மா மடிச்சிட்டுப் போவாங்களா?"

பதில் இல்லை. கன்சல்டிங்காரர் சமயோசிதமாக பானெட்டைத் திறந்தார். மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகி அடியில் வெள்ளை நுரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். புகை நீலமாக வருகிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து, தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டார். முகத்தில் பழைய சிநேகிதனைக் கண்ட மலர்ச்சி.

"சார், இது நம்ம ஸ்விஃப்ட் இஞ்சினுங்க."

உண்மைதான். இந்தியாவுக்கு 2008-இல் ஃபியட் 500 வந்தது 1.3 மல்டிஜெட் டீசல் இஞ்சினோடு, 1248 சிசி. அதே ஃபியட் இஞ்சினைத்தான் மாருதி தன் டீசல் ஸ்விஃப்ட்டிலும் டிசையரிலும் போட்டுக்கொண்டிருந்தது. நாட்டில் பாதிக் கால் டாக்சியின் நெஞ்சுக்குள் துடித்தது அதுதான். அன்றைக்கு இந்தக் குட்டி வண்டி முழுசாக இறக்குமதி; அதன் விலைக்கு இரண்டு ஸ்விஃப்ட் வாங்கலாம். பணம் கட்டியதெல்லாம் முகத்துக்குத்தான்.

நம்மவர் இதைக் கேட்டதும் எழுந்து நின்றார். முழங்கால் சத்தம் போட்டது.

"விலை?"

"உங்களுக்காகங்க... ஏழரைக்குக் குடுத்தர்றேன்."

"விலையிலேயே சொல்லிட்டாருங்க" என்றார் வீட்டம்மா. அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சனி பகவானைத் தாண்டி என்ன சொல்ல முடியும்?

மெக்கானிக் கடைசியாக ஆர்.சி. புக்கை வாங்கிப் பார்த்தார். அங்கேதான் எனக்கே ஒரு விஷயம் உறைத்தது. சொந்தக் காருக்குப் பதிவின் ஆயுள் பதினைந்து வருடம். அதன் பிறகு எஃப்.சி. காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கொள்ள வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2008 வண்டிக்கு அந்தக் கெடு 2023-லேயே முடிந்துவிட்டது. உதிரி பாகம் கேட்டால், ஃபியட் கார் விற்பனையே நம் நாட்டில் நின்று வருடங்களாகிவிட்டன. இஞ்சின் சாமான் கிடைத்துவிடும். இந்த முகத்துக்கு ஒரு கண் உடைந்தால் புதுப்பேட்டை முழுக்க அலைந்தாலும் ஜோடி சேராது. சபா நாடகங்களில் ஒரு நடிகர் இருப்பார். இருபத்தைந்து வயதிலேயே நரைமுடி விக் வைத்துத் தாத்தா வேஷம் கட்டியவர். ஒரு நாள் விக்கைக் கழற்றினால் அடியிலும் நரை. இந்த வண்டிக்கும் அதுதான் ஆகியிருந்தது. பழசு மாதிரி நடிக்க வந்தது, நடித்துக்கொண்டே நிஜமாகப் பழசாகிவிட்டது. எதிரில் நின்ற மனிதருக்கும் இதே பதினைந்து வருடத்தில் அதே நரை வந்திருந்தது. டை அடித்திருந்தார், அவ்வளவுதான்.

"யோசிச்சுச் சொல்றேங்க" என்றார் நம்மவர். கன்சல்டிங் அகராதியில் அதற்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். கன்சல்டிங்காரர் பானெட்டை மூடிவிட்டு அடுத்தவருக்கு டீ சொல்லப் போனார்.

திரும்பும்போது ஸ்விஃப்ட்டில் யாரும் பேசவில்லை. ஹோப் காலேஜ் சிக்னலில் நின்றபோது நம்மவர் ரேடியோவை அணைத்தார். இஞ்சின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அவர் வீட்டு கார் ஷெட்டில் விளக்கு எரிந்தது. ஏதோ கள்ளன் என்று நினைத்துப் போனேன். நம்மவர்தான், ஸ்விஃப்ட்டுக்கு முன்னால், கையில் இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒன்றை இடது விளக்கின் மேல் வைத்து, தலையைப் பின்னால் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வெட்கப்படவில்லை. மற்ற தட்டை நீட்டினார்.

"நல்லதாப் போச்சு. அந்தப் பக்கத்த நீங்க பிடிங்க சார். நான் கேட்டுகிட்ட நின்னு பாக்கறேன்."

பிடித்தேன். வாசல் வரை பின்னாலேயே நடந்து போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"கொஞ்சம் மேல... இன்னும் கொஞ்சம்..."

சமையல்கட்டு ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, தோசை ஆறுது. அந்தத் தட்டு ரெண்டும் எங்கீங்க?"