ரெண்டு நிமிஷம் அண்ணன்

திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு மாட்டிக்கொண்டார். அதே திருவாதவூர்க்காரரான நம் அண்ணன் அவ்வளவு அப்பாவி இல்லை. மேலூர் ரோட்டில் நிலம் விற்ற காசு மொத்தத்தையும் குதிரையிலேயே போட்டார். ஃபார்ச்சூனர், 200 குதிரைத்திறன், 4.8 மீட்டர் நீளம்.

அது ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். கூப்பிடு தூரத்து டீக்கடைக்கும் காரில்தான் வருவார். ஓரமாக நிறுத்தமாட்டார், ஓரத்தில் சாக்கடை, டயர் அழுக்காகிவிடும். வீதி நடுவில் நிறுத்தி, இரண்டு பக்க இண்டிகேட்டரையும் மினுக்க விடுவார். அவரைப் பொறுத்தவரை அது கலெக்டர் கையெழுத்துப் போட்ட அனுமதிச் சீட்டு. பம்பரில் எலுமிச்சம்பழம், முன்கண்ணாடிக்குப் பின்னால் கட்சித் துண்டு, உள்ளே ஆளில்லாமல் ஓடும் ஏசி.

மேலூர் பஸ் வந்து நிற்கும். கண்டக்டர் இறங்கி விசிலடிப்பார். "யாரு வண்டிப்பா இது?" எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்கமாட்டார்கள். கடைக்குள்ளிருந்து குரல் மட்டும் வரும்: "ரெண்டு நிமிஷம்ணே, இந்தா எடுத்துர்றேன்." இன்னொரு வடை. அதற்குச் சட்னி. ஒரு போன். பிறகு பேப்பரில் கை துடைத்தபடி வந்து டிரைவரிடம் நியாயம் கேட்பார்: "நீங்க கொஞ்சம் பின்னால போனாத்தானண்ணே நான் எடுக்க முடியும்?"

பஸ்ஸாவது பின்னால் போகும். ஊர்க் கோயில் திருமறைநாதரின் வைகாசித் தேருக்கு ரிவர்ஸ் கியர் இல்லை. முட்டுக்கட்டை கொடுத்துத்தான் சக்கரத்தை அங்கே இங்கே ஒடிக்க முடியும். வழியில் அண்ணன் கார் நின்றால், வடம் பிடித்த கூட்டம் வெயிலில் நிற்க, மைக்கில் வண்டி நம்பரை ஏலம் விடவேண்டியதுதான்.

கொல்கத்தா டிராமுக்கும் இதே பாடு. தண்டவாளத்தில் கார் நின்றால் மணியடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. 1873-இல் ஓடத் தொடங்கிய டிராமை, ஒரே ஒரு தடம் தவிர நிறுத்தப்போவதாக 2024-இல் அங்குள்ள அரசு அறிவித்தது. காரணம், போக்குவரத்து நெரிசலாம். அண்ணனுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "பாத்தீகளா, தப்பு கார் மேல இல்லன்னு கவர்மெண்டே சொல்லிருச்சு. நம்ம தேரையும் கொஞ்சம் ஒடிசலாச் செஞ்சிருக்கலாம்."

அண்ணே, தேரை இனிமேல் இழைத்துக் குறைக்க முடியாது. வைகாசியில் அந்த ஒரு நாளாவது காரைக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு நடந்து வாங்க. வடம் பிடிக்க ஆள் வேண்டும்.