ரோட்டரிக்காரர்

பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் காரை வைத்திருப்பவர்தான் ரோட்டரிக்காரர். அவரிடம் எதை வேண்டுமானாலும் கேளுங்கள், "உங்கள் கார் எத்தனை சிசி?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் காகிதம் தேடுவார். ரோட்டர் ஒன்றுக்கு 654 சிசி, இரண்டு ரோட்டர், ஆக 1308 என்று எழுதுவார். அங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தமாட்டார். ரோட்டரைப் பக்கம் வளைந்த ஒரு முக்கோணமாக வரைந்து, அது ஒரு சுற்று சுற்றுவதற்குள் தண்டு மூன்று சுற்று சுற்றிவிடும் என்பார். அப்படிப் பார்த்தால் பிஸ்டன் எஞ்சின் கணக்கில் இதை 2.6 லிட்டர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று முடிக்கும்போது உங்கள் காப்பியில் ஆடை படிந்திருக்கும். எந்தக் கணக்கை எப்போது சொல்வது என்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. பெரிய வி-8 காரை முந்திய கதையில் அது 1.3 லிட்டர். பெட்ரோல் செலவுப் பேச்சு வந்தால் 2.6.

இந்த இனம் ஹிரோஷிமா முதல் போர்ட்டோ ரிக்கோ வரை பரவியிருக்கிறது. நான் வரைவது ஆக்லாந்து வகையை. 1980களின் பிற்பகுதியில் நியூசிலாந்து, ஜப்பானின் பழைய கார்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. இரண்டு நாட்டிலும் ஸ்டியரிங் வலப்பக்கம்தான் என்பதால் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அப்படி வந்தவற்றில் மஸ்டா ஆர்எக்ஸ்-7ம் உண்டு. நம்மவரிடம் இருப்பது அதன் மூன்றாம் தலைமுறை, 1991ல் தொடங்கி 2002ல் நின்றுபோன எஃப்டி. அழகான கார். அதில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டையே இல்லை.

இந்தக் காரில் தொழிற்சாலையே இரண்டு டர்போவை வைத்துத்தான் அனுப்பியது. கீழ்வேகத்தில் ஒன்று ஊதும். 4500 சுற்றை எட்டும்போது மற்றதும் சேர்ந்துகொள்ளும். இரண்டு இருக்கிறதே, போதாதா என்பீர்கள். நம்மவர் அந்த இரண்டையும் கழற்றிவிட்டு ஒன்றை மாட்டுகிறார். இதற்குப் பெயர் முன்னேற்றம். ஆனால் இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. இரண்டையும் ஒழுங்காக மாற்றி மாற்றி வேலை வாங்க, எஞ்சின் மேல் வேக்குவம் குழாய்களும் சோலனாய்டுகளும் பின்னிக் கிடக்கின்றன. அந்தப் பின்னலை ரோட்டரிக்காரர்கள் எலிக்கூடு என்றுதான் அழைக்கிறார்கள். முப்பது வருடச் சூட்டில் ஒரு குழாய் விரிசல் விட்டாலும் இரண்டாவது டர்போ வேலைநிறுத்தம் செய்துவிடும். எந்தக் குழாய் என்று தேடுவதைவிட எல்லாவற்றையும் கழற்றி எறிவது மனநிம்மதி.

டர்போ பெட்டி வந்த அன்று மனைவி கேட்டார்: "இது எதுக்கு?"

"வேகத்துக்கு."

நம்மவர் சொன்ன கடைசி உண்மை அது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்: "பாதுகாப்புக்கு."

பாருங்கள், டர்போ அதிகக் காற்றைத் திணிக்கும். அதற்கேற்ற பெட்ரோல் போகாவிட்டால் உள்ளே சூடு எகிறும், எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும். அப்படி வெடித்தால் முதலில் போவது அபெக்ஸ் சீல். ரோட்டரின் மூன்று முனைகளிலும் செருகிய மெல்லிய உலோகப் பட்டை அது. மொத்தமே ஆறுதான். ஒன்று உடைந்தாலும் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். உடைந்த துண்டு சும்மாவும் போகாது. புகைவழியாக வெளியேறும்போது புது டர்போவின் இறக்கைகளையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போகும். ஆகவே பாதுகாப்புக்காகப் பெரிய இன்ஜெக்டர்கள். அவற்றுக்குப் பெட்ரோல் தள்ளப் பெரிய பம்ப். பம்புக்கு மின்சாரம் பற்றாது என்று தடித்த ஒயர். புது இன்ஜெக்டரின் அளவு பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எனவே புது ஈசியு. அது தானாக எதுவும் கற்றுக்கொள்ளாது; டைனோ என்ற சோதனை உருளையில் காரை ஏற்றி, மணிக்கணக்கில் காசு வாங்கும் ஒரு ட்யூனர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். டர்போவுக்குக் கடிவாளமான வேஸ்ட்கேட் சிறியதாக இருந்தால் அழுத்தம் சொன்ன இடத்தில் நிற்காமல் ஊர்ந்து ஏறும், அதனால் பெரிய வேஸ்ட்கேட். அழுத்திய காற்று சுடும், அதனால் முன்பக்கம் பெரிய இன்டர்கூலர். அது ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறிக்கும், அதனால் ரேடியேட்டரும் பெரியது. கூலன்டிலிருந்து காற்றுக்குமிழியைப் பிரிக்கும் சின்ன பிளாஸ்டிக் தொட்டி வயதாகி வெடிக்கும், அதனால் அலுமினியத் தொட்டி. இவ்வளவும் பொருந்திய பிறகு கிளட்ச் வழுக்குகிறது.

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்காக மாடு வாங்கி, மாடு மேய்க்கக் கல்யாணமும் செய்துகொண்ட சாமியாரை நமக்குத் தெரியும். அந்தச் சாமியார் அப்பாவி; அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியாது. நம்மவருக்கு முழுப் பட்டியலும் முதல் நாளே மனப்பாடம். வீட்டில் மட்டும் தவணை தவணையாக வெளியிடுவார்.

அவர் ஏதோ முரட்டு ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். மழை வரும் என்று வானொலி சொல்லாத நாளிலும் குடை எடுத்துப் போகிறவர். காப்பீட்டுப் பத்திரத்தின் பொடி எழுத்தையும் படிக்கிறவர். இப்படிப்பட்ட மனிதர் எஞ்சின்களிலேயே மிகவும் கூச்ச சுபாவமுள்ள எஞ்சினை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று நான் யோசித்ததுண்டு. கவலைப்படும் திறமையை வீணாக்காமல் இருக்கத்தான் என்று தோன்றுகிறது.

கவலைக்குப் பஞ்சமே இல்லை. மற்ற கார்க்காரர்களுக்கு எஞ்சின் ஆயில் குறைந்தால் பயம். இவருக்குக் குறையாவிட்டால் பயம். சீல்களுக்கு வழுக்கல் வேண்டும் என்பதற்காக இந்த எஞ்சின் தானே சிறிது ஆயிலை உள்ளே விட்டு எரிக்கிறது. அதையும் முழுதாக நம்பாமல், பெட்ரோல் பங்க்கில் அளவுக்குப்பி பிடித்து டூ-ஸ்ட்ரோக் ஆயிலை டேங்கில் ஊற்றுவார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடித்தாலும் ஒரு மில்லி கூடாது, குறையாது.

காரை நகர்த்துவது இன்னொரு வைபவம். குளிர்ந்த ரோட்டரியைக் கிளப்பி, வாசல்வரை நகர்த்தி, உடனே அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். பிறகு எளிதில் கிளம்பாது. ஆகவே கிளப்பினால் சூடாகும்வரை உறுமவிட வேண்டும். தெருவே எழுந்துவிடும். இதற்குப் பயந்து மனைவியின் கார் நிரந்தரமாகத் தெருவோரத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாலும் நம்மவர் உடனே இறங்கமாட்டார். தகதகக்கும் டர்போவை அப்படியே அணைத்தால் அதன் பேரிங்கில் ஆயில் கருகும். இரண்டு நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் அதைத் தியானம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கம்ப்ரஷன் பார்க்கச் சாதாரண கேஜ் உதவாது. ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று எண். இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது.

1991ஐப் பற்றி எப்படியும் பேச்சு வரும். அந்த ஆண்டு மஸ்டா 787பி லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் முறை. அதன் அலறலை வாயாலேயே செய்து காட்டுவார், நன்றாகவே செய்வார். இருபத்துநான்கு மணி நேரம் தாங்கிய அந்த நான்கு ரோட்டர் எஞ்சினில் டர்போ கிடையாது என்பதை நாகரிகம் கருதி நான் சொல்வதில்லை.

போன கோடையில் இளைஞன் ஒருவன் இதே எஃப்டியை வாங்கிவிட்டு அவரிடம் யோசனை கேட்க வந்தான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருந்தது, ஒரு குழாய்கூட மாறாதது. நம்மவர் பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். எலிக்கூடு பத்திரமாக இருந்தது. கண் கலங்கியதோ என்னவோ, தோளில் கை வைத்துச் சொன்னார்:

"எதையும் தொடாதே. அப்படியே ஓட்டு. நான் செய்ததைச் செய்யாதே."

பையன் நன்றி சொல்லிக் கிளம்பினான். கேட் வரை போனவனைக் கூப்பிட்டார்.

"ஒரு பூஸ்ட் கேஜ் மட்டும் போட்டுக்கோ. பாதுகாப்புக்கு."