இரண்டாவது சாவி

மற்ற அலுவலகங்களில் பதவி உயர்வு என்றால் லட்டு கொடுப்பார்கள். நான் குமாஸ்தாவாகச் சேர்ந்த வங்கிக் கிளையில், அதற்கான தேர்வுச் சுற்றறிக்கை வந்தாலே ஆளுக்கொரு மூலையாக ஒதுங்கிவிடுவார்கள். கடைநிலை ஊழியரான டஃப்தரி அதை மேசை மேசையாக எடுத்துப் போவார். அவரவர் பெயருக்கு எதிரே 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். 'பார்த்தேன், ஆளை விடுங்கள்' என்று அதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

கும்பகோணம் பக்கத்துக் கிளை அது. 1980-களில் பி.எஸ்.ஆர்.பி. என்ற வங்கிப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதி உள்ளே நுழைந்தவன் நான். 1969-ல் 14 வங்கிகளையும் 1980-ல் இன்னும் 6 வங்கிகளையும் இந்திரா காந்தி அரசுடைமை ஆக்கியதில் நாட்டுக்கு என்ன லாபம் என்பதைப் பொருளாதார நிபுணர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். கல்யாணச் சந்தையில் அதன் லாபம் உடனே தெரிந்தது. 'மாப்பிள்ளை பேங்க்ல இருக்காரு' என்றால் போதும், பெண் வீட்டார் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். குமாஸ்தாவா, ஆபீசரா என்று விசாரித்த மாமனாரை நான் பார்த்ததில்லை. ஊரே வித்தியாசம் பார்க்காதபோது மெனக்கெட்டு எதற்கு ஆபீசர் ஆவது?

இந்தத் தத்துவத்தின் ஆசாரியர் எங்கள் ஹெட் கேஷியர். என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அவரை 'அண்ணே' என்பேன். அவர் என்னை 'டா' போட்டுக் கூப்பிடுவார். ஊழியர்களுக்கான குறைந்த வட்டிக் கடனில் வீடு கட்டியிருந்தார். மனைவி உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியை. ஆற்றங்கரையில் கொஞ்சம் நிலம். கேஷியர் படி தனியாக வரும். நேரம் தாண்டி உட்கார்ந்தால் ஓவர்டைம். சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கித் தொழில் தேர்வையும் எழுதித் தேறியிருந்தார். அதில் தேறினால் மேலே போகாமலேயே இன்க்ரிமென்ட் கிடைக்கும் என்பதுதான் அவரைக் கவர்ந்த அம்சம்.

"ஆபீசர் ஆனா என்ன கிடைக்கும் தெரியுமாடா? ஓவர்டைம் போயிடும், யூனியன் போயிடும், ஊர் போயிடும். ஒரு சுழல் நாற்காலி வரும். அதுல உக்காந்து வடக்குப் பக்கம் திரும்பிப் பாத்துக்கிட்டே இருக்கணும், எப்ப தூக்கிப் போடுவானோன்னு."

எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஆனால் என் மைத்துனர் அப்போதுதான் வேறொரு நிறுவனத்தில் மேனேஜர் ஆகியிருந்தார். வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு காலைக் காபியோடு ஆரம்பித்து இரவு மோரில்தான் முடியும். நம் நாட்டில் பாதிப் பேர் பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பது மைத்துனர்களால்தான் என்பது என் கணிப்பு. நானும் எழுதினேன். நேர்முகத்தில், "எங்கே போட்டாலும் போவீர்களா?" என்று கேட்டார்கள். "இந்தியா முழுவதும் என் ஊர்தான்" என்று கணியன் பூங்குன்றனாரைச் சுருக்கிச் சொன்னேன். கேட்டவர் அதை அப்படியே நம்பிவிட்டார்.

ஆணை வந்த அன்று மாலையே மாற்றம் தெரிந்தது. தேநீர்க் கடைக்குக் கிளம்பிய கூட்டம் என் மேசையைத் தாண்டும்போது பேச்சை நிறுத்தியது. ஹெட் கேஷியர் மட்டும் நின்று, "வரீங்களா சார்?" என்றார். அந்த 'சார்' இருக்கிறதே, அதை மரியாதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சந்தா நோட்டிலிருந்து யூனியன் செயலாளர் என் பெயரை அடித்தார், அதுவும் ஸ்கேல் வைத்து. நான் கிளம்புவதற்குள் ஒரு வாயிற்கூட்டமும் வந்துவிட்டது. இத்தனை நாள் கூட்டத்தோடு கோஷம் போட்ட நான் இப்போது படிக்கட்டின் மேலே நின்றேன். "நிர்வாகமே, நிர்வாகமே!" என்று கையை உயர்த்தி முழங்கிய ஹெட் கேஷியரின் பார்வை நேராக என் மேல் இருந்தது. வேறு நிர்வாகம் அங்கே யாரும் இல்லை. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். கூட்டம் முடிந்ததும் ஹெட் கேஷியரே என்னைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டார். வழி நெடுக கோஷத்தில் ஒரு வரி தாளம் தப்பிவிட்டது என்று வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார்.

என்னைப் பீகாரில் முசாபர்பூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் போட்டார்கள். லிச்சித் தோட்டங்களுக்கு நடுவே கிளை. இந்தியில் என் மூலதனம், எங்கள் பழைய கிளைக் கரும்பலகையில் தினம் ஒன்றாக எழுதிப்போட்ட 'இன்றைய இந்திச் சொல்'. எல்லாம் கோப்பு, ஒப்புதல், இயக்குநரகம் வகையறா. அதை வைத்துக்கொண்டு ஒரு இயக்குநரகத்தையே நடத்தலாம். கத்தரிக்காய் வாங்க முடியாது. வேலை பெரும்பாலும் மாட்டுக் கடன். காப்பீடு செய்த மாட்டின் காதில் தகடு மாட்டியிருப்பார்கள். மாடு செத்தால் தகட்டைக் கொண்டுவந்தால்தான் இழப்பீடு. எனவே வாரம் ஒருமுறையாவது யாராவது என் மேசையில் ஒரு காதை வைத்துவிட்டுப் போவார்கள். சுழல் நாற்காலி பற்றி அண்ணன் எச்சரித்தார். காதுகளைப் பற்றி எச்சரிக்கவில்லை.

அங்கே ஒரு குமாஸ்தா இருந்தார். உள்ளூர்க்காரர். நல்ல மூளை, கணக்கில் புலி. எத்தனை சுற்றறிக்கை வந்தாலும் பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். பழகிய பிறகு காரணத்தைக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஆபீசர் ஆக்கி மதராசுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது சார்?" என்றார். வீடு, நிலம், ஆசிரியை மனைவி என்று அவரிடமும் எல்லாம் வரிசையாக இருந்தன. என்னை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. தன்னைப் பிடிக்கவிருந்த நோய் பிடித்தவனைப் பார்க்கும் இரக்கம்.

தண்டனைக்காலம் முடிந்து தஞ்சை மாவட்டத்துக்குத் திரும்பியபோது, பழைய கிளைக்கே அக்கவுண்டன்டாக வந்து சேர்ந்தேன். அண்ணன் அதே கேஷ் கூண்டில், அதே ஈரப் பஞ்சோடு, நான் விட்டுப்போன இடத்திலேயே நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

வெளியாட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பணப் பெட்டகம் ஒரு சாவியில் திறக்காது. ஒன்று ஹெட் கேஷியரிடம், இன்னொன்று அதிகாரியிடம். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கதவு அசையும். மாலையில் பூட்டும்போதும் அப்படித்தான். நான் உயர்ந்து உயர்ந்து கடைசியில் அடைந்தது அந்த இரண்டாவது சாவி. ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பேன். சாவி கையில் இருக்கும்வரை வெளியூரில் கல்யாணம் என்றாலும் போக முடியாது.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் திருட்டைத்தான் யோசித்தார்களே தவிர, சாவிக்காரர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போனால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. எங்களுக்கு அற்றுப்போனது. அவர் குலதெய்வக் கோயில் குடமுழுக்குக்கு லீவு கேட்டார். சாவியை மாற்றி வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்றேன். பழைய நாளாக இருந்தால், 'அண்ணே, நீங்க போங்க, என்ன ஆனாலும் பார்த்துக்கலாம்' என்றிருப்பேன். பார்த்துக்கொள்ள வேண்டிய ஆளே நான்தான் என்று ஆனபிறகு அந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

அன்றிலிருந்து தினம் காலை நாங்கள் இருவரும் அந்த இரும்புக் கதவின் முன்னால் ஒன்றாக நிற்போம், ஒரு வார்த்தை கிடையாது. மணமுறிவு கேட்டு வழக்குப் போட்டுவிட்டு ஒரே சமையலறையில் காபி போடும் தம்பதி மாதிரி. சொல்ல வேண்டியதெல்லாம் டஃப்தரி வழியாகப் போகும். "சாரை நூறு ரூபாய்க் கட்டை ஒருதடவை பார்த்துக்கச் சொல்லு." "அண்ணன்கிட்ட பார்த்தாச்சுன்னு சொல்லு." டஃப்தரி எங்கள் இருவருக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளியில் நின்றுகொண்டு இரண்டையும் ஒரு எழுத்து மாறாமல் திருப்பிச் சொல்வார். அவருக்கு அதில் சந்தோஷம் என்றுதான் நினைக்கிறேன்.

அரையாண்டுக் கணக்கு முடிப்பில் அந்த மௌனம் உடைந்தது. லெட்ஜர் இருப்புகளைக் கூட்டினால் பொது லெட்ஜரோடு ஒத்துப்போக வேண்டும். போகவில்லை, 2,700 ரூபாய் உதைத்தது. ஒத்துப்போகாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. இரவு ஒன்பதாகி, பரோட்டா வந்து, பத்தும் ஆகிவிட்டது. நான் தப்பான பக்கத்தில் ஏறியிருக்கும் என்று 1,350 ரூபாய்ப் பதிவைத் தேடிக்கொண்டிருந்தேன். பற்றில் வைக்க வேண்டியதை வரவில் வைத்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும், ஆகவே பாதியைத் தேடுவது வழக்கம். கிடைக்கவில்லை. கேஷை எப்போதோ முடித்துவிட்ட ஹெட் கேஷியர், போகாமல் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவர், திடீரென்று கத்தினார்:

"டேய், ஒன்பதால வகுத்துப் பாருடா!"

கிளையே நிமிர்ந்தது. டஃப்தரி அதை என்னிடம் திருப்பிச் சொல்ல வாயெடுத்து, அவசியமில்லை என்று புரிந்து மூடிக்கொண்டார். 2,700 ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பத்தே நிமிடத்தில் பிடித்தோம்: 8,500 என்பதை யாரோ 5,800 என்று எழுதியிருந்தார். எழுத்தைப் பார்த்தேன், மேனேஜருடையது. அண்ணனும் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில் குடமுழுக்கு லீவுப் பிரச்சினை கரைந்துபோனது.

பிறகு கோர் பேங்கிங் வந்தது. கணிப்பொறியை எதிர்த்து வாயிற்கூட்டங்களில் தொண்டை கட்டியவர் அண்ணன். அது வந்தபின் எந்தத் திரைக்கு எந்தக் குறியீடு என்று மனப்பாடமாக ஒப்பித்தவரும் அவர்தான். கணக்கு இப்போது தானாகவே ஒத்துப்போகிறது, நல்லதுதான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் கணக்கில் இன்னொருவர் தலையிட்டுக் கத்த வேண்டிய தேவையும் போய்விட்டது. காலையில் வந்து ஹெட்போன் மாட்டிக்கொள்ளும் இன்றைய பிள்ளைகள் ஒருவரையொருவர் முதல் பெயரில் கூப்பிடுகிறார்கள். சண்டை வந்தால் எப்படித் தீர்த்துக்கொள்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

இருவரும் ஓய்வுபெற்றாயிற்று. நான் மேலும் ஒரு படி ஏறி, மேலும் சில ஊர் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர் ஏறவே இல்லை. ஓய்வூதியத்தில் எங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தை, நான் பார்த்த ஊர்களின் வீட்டு வாடகை என்றைக்கோ தின்றுவிட்டது. அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் எனக்கு எவ்வளவு வரும் என்று எனக்கு முன்னால் கணக்குப் போட்டுப் போனில் சொல்பவர் அவர்தான், பைசா சுத்தமாக.

நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்கச் சேர்ந்தே போகிறோம். போன முறை கவுன்டரில் புதிதாக ஒரு பெண் இருந்தாள். அண்ணன் உள்ளே நுழைந்து, கேஷ் கூண்டை இடம் மாற்றியதைக் கண்டித்து, மின்விசிறியின் வேகத்தைக் கூட்டச் சொல்லி, இன்னார் எங்கே என்று இரண்டு பேரை அதட்டலாக விசாரித்தார். அந்தப் பெண் பதறி எழுந்தாள். "சார், நீங்க இங்க மேனேஜரா இருந்தீங்களா?" என்றாள்.

அவர் மறுக்கவில்லை. என் பக்கம் கையைக் காட்டி, "தம்பி என்கிட்டதாம்மா வேலை கத்துக்கிட்டாரு" என்றார்.

அவருக்கு நாற்காலி வந்தது. நான் நின்றுகொண்டே படிவத்தை நிரப்பினேன். எந்த இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவர்தான் விரலை வைத்துக் காட்டினார்.