பதினெட்டு இஞ்ச் கெத்து

எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்துபோகும் மஹிந்திரா தாரைப் பார்த்தால், காட்டுப் பாதை டயரை ஊருக்குள்ளேயே மாட்டியிருக்கிறாரே, விவரமான ஆள் என்று தோன்றும். அந்த விவரமெல்லாம் டயர் கடை வரைக்கும்தான். அந்த வண்டிக்கு 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என்று இரண்டு அளவு உண்டு. பின்னதில் ரிம் இரண்டு இஞ்ச் பெரிது; சக்கரத்தின் மொத்த உயரமோ ஒன்றரை சென்டிமீட்டர்தான் கூடும். வண்டியின் அடிவயிறு தரையிலிருந்து எழும்புவது அதில் பாதி. ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நிற்கும் ரப்பர்ச் சுவர் மட்டும் 184 மில்லிமீட்டரிலிருந்து 166 ஆக இளைத்துவிடும். பள்ளத்தில் அடி வாங்குவதே அந்தச் சுவர்தான். ஆக, பள்ளத்துக்குப் பயந்து கூடக் காசு கொடுத்து, ரப்பரைக் குறைத்து வாங்கி வருகிறோம். "பதினெட்டுதான் சார் கெத்து" என்பார் கடைக்காரர். கெத்து பில்லிலும் தெரியும்.

1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கி, பிறகு டயருக்கு வந்த எம்.ஆர்.எஃப்-பின் ஒரே ஒரு பங்கு, 2023 ஜூனில் லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதோடு ஒப்பிட்டால் எந்த அளவு டயரும் மலிவுதான். என்ன, பங்கை மாட்டிக்கொண்டு மணலி வரை போக முடியாது.