புது ஜன்னலும் பக்கத்து வீட்டு முற்றமும்

கேள்வி: பக்கத்து வீட்டு முற்றம் தெரியும்படி ஒருவர் புது ஜன்னல் வைத்தால் சட்டம் தடுக்குமா?

பதில்: சொந்தச் சுவரில் ஜன்னல் திறப்பது பொதுவாக வீட்டுக்காரரின் உரிமை. ஆனால் 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, உள்ளூர் வழக்கத்தால் வரும் உரிமையையும் ஏற்கிறது. அந்தரங்கத்தைப் பெரிதும் குலைக்கும் புது ஜன்னல் கூடாது என்ற வழக்கம் அந்த ஊரில் உண்டென நிரூபித்தால் தடை பெறலாம். 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இத்தகைய வழக்கத்தை அங்கீகரித்தது.

வழக்கம் இல்லாத ஊரில், கட்டட விதிகளுக்கு உட்பட்டுத் தன் மனையில் மதில் எழுப்பி மறைக்கலாம். அதற்கும் எல்லை உண்டு: 20 ஆண்டுகள் உரிமையாகவும் இடையூறின்றியும் வெளிச்சமும் காற்றும் பெற்ற ஜன்னலுக்கு 15-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆகவே ஜன்னலுக்கு வயது ஏறுமுன் பேசித் தீர்ப்பதே நல்லது. கண்மட்டத்துக்கு மேலே அதை வைத்தால் காற்றும் வரும், அந்தரங்கமும் நிலைக்கும்.